ஹைட்ரோலிக் ஸ்டியரிங் உள்ள படகுக்கு எத்தனை அங்குலச் சக்கரம்?

களனி கங்கை கடலில் விழும் இடத்துக்கு வெளியே, அலை அடங்கிய ஒரு விடிகாலையில், ஓடிக்கொண்டிருந்த படகின் ஸ்டியரிங் சக்கரத்தில் மீன் நிறுக்கும் வில் தராசின் கொக்கியை மாட்டி இழுத்தேன். முள் பதினொரு கிலோவில் போய் நின்றது. அந்தப் படகை ஓட்டும் தம்பிக்கு நான்கு மாதமாக வலது தோளில் வலி. இரவில் கையைத் தூக்க முடியவில்லை என்றார். படகின் உரிமையாளரோ, ஸ்டியரிங்கின் பம்பு கெட்டுவிட்டது, புதிது வாங்க வேண்டும் என்று பணம் சேர்த்துக்கொண்டிருந்தார். பம்பில் ஒரு குறையும் இல்லை. கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் வாங்கிய 13 அங்குலக் கார் ஸ்டியரிங் சக்கரம் ஒன்று அதன் தலையில் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

சக்கரத்தின் அளவை அழகுக்காகவோ, கையில் கிடைத்ததற்காகவோ முடிவு செய்யக் கூடாது. நாள் முழுவதும் கடலில் நிற்கும் ஒருவருடைய தோளும் மணிக்கட்டும் அந்த இரண்டு மூன்று அங்குலத்தில்தான் தங்கியிருக்கின்றன. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நம் கரையோரத்தில் ஓடும் 18 அடிக் கண்ணாடியிழை மீன்பிடிப் படகுகளில் பெரும்பாலானவை இயந்திரத்தின் கைப்பிடியைப் பிடித்தே ஓட்டப்படுகின்றன. அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. கல்கிசைக்கும் கொழும்புத் துறைமுகத்துக்கும் வெளியே மூழ்கிக் கிடக்கும் கப்பல்களைப் பார்க்கச் சுழியோடிகளை ஏற்றிச் செல்லும் படகுகள், தூண்டில் விளையாட்டுக்குப் போகும் படகுகள், பொல்கொடை ஏரியில் ஓடும் உல்லாசப் படகுகள், வண்டிச் சக்கரம் போன்ற பெரிய சுக்கான் சக்கரம் வைத்த டீசல் படகுகள் ஆகியவற்றில், ஒயில் அழுத்தத்தால் திருப்பும் ஹைட்ரோலிக் அமைப்பு இருந்தால் தொடர்ந்து வாசியுங்கள்.

உள்ளே நடப்பது என்ன

சக்கரத்தின் பின்னால் ஒரு சிறிய பம்பு இருக்கிறது. சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் அது குறிப்பிட்ட அளவு ஒயிலைக் குழாய் வழியே தள்ளும். பின்புறத்தில் வெளியே இயந்திரம் பூட்டிய சிறிய அவுட்போட் படகுகளின் பம்புகள் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 23 முதல் 40 கன சென்ரிமீற்றர் வரை தள்ளுகின்றன. அந்த ஒயில் இயந்திரத்தில் பூட்டிய சிலிண்டருக்குள் போய் அதன் தண்டை நகர்த்துகிறது. தண்டு இயந்திரத்தைத் திருப்புகிறது.

கிணற்றில் தண்ணீர் இறைப்பவருக்கு இது சொல்லாமலே விளங்கும். பெரிய வாளி என்றால் குறைந்த தடவையில் தொட்டி நிறையும், ஆனால் ஒவ்வொரு தடவையும் கை கனக்கும். பம்பு தள்ளும் அளவுதான் வாளி. சக்கரத்தின் விட்டமோ துலாவின் நீளம்: நீளம் கூடினால் பாரம் குறையும், கை போகும் தூரம் கூடும். ஸ்டியரிங்கை யோசிக்கும்போது இந்த இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். வாளியை மறந்துவிட்டுத் துலாவை மட்டும் மாற்றுகிறவர்களே அதிகம்.

முதற்படி: சக்கரத்தில் பழி போடும் முன்

கனமாகச் சுற்றும் ஸ்டியரிங் எல்லாம் சிறிய சக்கரத்தால் கனப்பதில்லை. படகைக் கரையில் கட்டி, சிலிண்டரை இயந்திரத்திலிருந்து கழற்றிவிட்டு, இயந்திரத்தை வெறும் கையால் இடமும் வலமும் தள்ளிப் பாருங்கள். இலகுவாகப் போக வேண்டும். இறுகிப் பிடித்தால் கிரீஸ் இல்லாமல் உப்பேறிப் போன அச்சுத்தான் குற்றவாளி. அதைச் சுத்தம் செய்து கிரீஸ் ஏற்றாமல் 20 அங்குலச் சக்கரம் போட்டாலும் பயனில்லை. கூடுதல் பலம் சிலிண்டரின் தாங்கிகளைத்தான் வளைக்கும்.

அடுத்தது காற்று. சக்கரத்தைக் கடைசிவரை திருப்பி, இன்னும் கொஞ்சம் அழுத்தி, பிறகு கையை எடுங்கள். சக்கரம் ரப்பர் போலப் பின்னுக்குத் துள்ளினால் குழாய்க்குள் காற்று இருக்கிறது. முதலில் காற்றை வெளியேற்ற வேண்டும்.

ஒயிலையும் பாருங்கள். இந்த அமைப்புகள் பலவற்றுக்கு ஐஎஸ்ஓ விஜி 15 என்ற மெல்லிய ஹைட்ரோலிக் ஒயில்தான் சொல்லப்பட்டிருக்கிறது. கையில் இருக்கிறதே என்று தடித்த ஒயிலை ஊற்றினால் ஒவ்வொரு சுற்றும் கனக்கும். பிரேக் ஒயிலை எக்காரணம் கொண்டும் ஊற்றாதீர்கள். ஒயில் கசியாமல் தடுக்கும் சீல்களை அது கெடுத்துவிடும். பிறகு பம்பையும் சிலிண்டரையும் திறக்காமல் வேலை முடியாது.

ஒரு பக்கம் இலகு, மறு பக்கம் கனம் என்றால் படகைத் தள்ளும் சுழலியின் முறுக்கைச் சந்தேகியுங்கள். பல இயந்திரங்களில் சுழலிக்கு மேலே உள்ள தட்டின் அடியில் செதில் போன்ற ஒரு சிறு தகடு இருக்கும். அதைச் சற்றுத் திருப்பி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ஒரு நட்டைத் தளர்த்தி இறுக்கும் வேலைதான் அது.

இரண்டாம் படி: சுற்றுகளை எண்ணுங்கள்

சக்கரத்தின் உச்சியில் ஒரு ஒட்டு நாடாத் துண்டை ஒட்டுங்கள். இடது கடைசியிலிருந்து வலது கடைசிவரை அது எத்தனை முறை உச்சிக்கு வருகிறது என்று எண்ணுங்கள். சிலிண்டரின் கொள்ளளவைப் பம்பு ஒரு சுற்றுக்குத் தள்ளும் அளவால் வகுத்தாலும் அதே எண் வரும். 150 கன சென்ரிமீற்றர் சிலிண்டரும் 30 கன சென்ரிமீற்றர் பம்பும் என்றால் ஐந்து சுற்று. தண்டு ஒரு பக்கம் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் சிலிண்டரில் இடத்துக்கும் வலத்துக்கும் எண்ணிக்கை சற்று மாறும். அது பழுது என்று நினைக்க வேண்டாம்.

வேகமாக ஓடும் அவுட்போட் படகுக்கு நான்கு முதல் ஐந்தரைச் சுற்று எனக்குத் திருப்தி. இரட்டை இயந்திரத்துக்கு இரண்டு சிலிண்டர் போட்டு, பழைய பம்பையே வைத்தவர்களுக்குப் பத்துச் சுற்று வரும். அவர்கள் பெரிய சக்கரம் போட்டால் கை இலகுவாகும், ஆனால் துறைமுகத்துக்குள் ஒரு வளைவு எடுக்க மாவு ஆட்டுவதுபோலச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே முதலில் மாற்ற வேண்டியது பம்பு.

மூன்றாம் படி: தராசு

இதுதான் இந்த வழிகாட்டியின் உயிர். வேண்டியவை ஒரு வில் தராசு, ஒரு அளவு நாடா, நம்பிக்கையான இன்னொருவர். தராசுக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை, மீன் சந்தைக்குப் போய்வருகிற எவரிடமும் இருக்கும். இருபத்தைந்து கிலோ வரை காட்டும் தராசு போதும்.

தென்மேல் பருவக்காற்று அடிக்கும் மே முதல் செப்டெம்பர் வரை நம் பக்கக் கடலில் இதைச் செய்ய வேண்டாம். மார்கழிக்குப் பிறகு வரும் அமைதியான காலைப்பொழுதைத் தேர்ந்தெடுங்கள். இருவரும் உயிர்காப்பு அங்கி அணியுங்கள். சுற்றிலும் வேறு படகு இல்லாத இடத்தில் வழக்கமான வேகத்தில் ஓட்டுங்கள். ஒருவர் வேகக் கைப்பிடியில் கை வைத்துக்கொண்டு முன்னால் பார்க்க வேண்டும், மற்றவர் தராசைப் பார்க்க வேண்டும். ஒருவரே இரண்டையும் செய்ய முயலக் கூடாது.

தராசின் கொக்கியை ஆரம், அதாவது நடுவிலிருந்து வரும் கம்பி, வளையத்தைத் தொடும் மூலையில் மாட்டுங்கள். இழுக்கும் திசை ஆரத்துக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், சாய்ந்தால் எண் பொய் சொல்லும். சக்கரம் மெதுவாக நகரத் தொடங்கி, நகர்ந்துகொண்டே இருக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். முதல் அசைவில் முள் துள்ளும். அதை எழுத வேண்டாம். இடப் பக்கம் மூன்று முறை, வலப் பக்கம் மூன்று முறை. நடுவில் இருந்து தொடங்கியும், இயந்திரம் பாதி திரும்பிய நிலையிலிருந்தும் பாருங்கள். பாதி திரும்பிய நிலையில் முழு வேகத்தை நெருங்கக் கூடாது, வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு. தராசு காட்டிய கிலோவைச் சக்கரத்தின் ஆரையால், அதாவது விட்டத்தின் பாதியால் பெருக்குங்கள். வரும் எண் உங்கள் படகுக்கு உரியது. எந்தச் சக்கரம் போட்டாலும் மாறாது. அதைப் புதிய சக்கரத்தின் ஆரையால் வகுத்தால் புதிய பாரம் கிடைக்கும்.

நான் அன்று பார்த்த படகில் 13 அங்குலச் சக்கரம், ஆரை ஆறரை, பாரம் 11 கிலோ. பெருக்கினால் 71.5. பதினாறு அங்குலச் சக்கரத்துக்கு எட்டால் வகுத்தால் 8.9 கிலோ. பதினெட்டு அங்குலத்துக்கு ஒன்பதால் வகுத்தால் 7.9 கிலோ. கையின் பயணத்தையும் பக்கத்தில் எழுதுங்கள்: ஐந்து சுற்றுக்கு 13 அங்குலச் சக்கரத்தில் கை 5.2 மீற்றர் போகும், 16 அங்குலத்தில் 6.4 மீற்றர், 18 அங்குலத்தில் 7.2 மீற்றர். ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றதை வாங்க முடியும்.

எந்தப் பாரம் நல்லது? என் கணக்கில், வழக்கமான ஓட்டத்தில் நான்கைந்து கிலோவுக்குள்ளும், மிகக் கடினமான திருப்பத்தில் ஒன்பது கிலோவுக்குள்ளும் இருக்க வேண்டும். நாள் முழுதும் ஓட்டுபவருக்காகச் சொல்கிறேன். வார இறுதியில் இரண்டு மணி நேரம் ஓட்டுபவர் பன்னிரண்டையும் தாங்கிக்கொள்வார். ஆனால் ஆற்று வாயில் அலை தூக்கும்போது படகின் மூக்கை உடனே திருப்ப வேண்டிவரும். அந்த நொடியில் களைத்த கை தாமதிக்கும். அளவைத் தீர்மானிக்கும்போது அந்த நொடியை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: பம்பு அனுமதிக்கும் எல்லை

பம்பின் கையேட்டில் அதிகபட்சச் சக்கர விட்டம் எழுதப்பட்டிருக்கும். சிறிய இயந்திரங்களுக்கான அமைப்புகளில் 16 அங்குலத்தோடு நிறுத்துவதும், அதைவிடப் பலமான அமைப்புகளில் 20 வரை விடுவதும் வழக்கம். அந்த எண்ணைத் தாண்டாதீர்கள். அலையில் படகு குதிக்கும்போது ஓட்டுபவர் சக்கரத்தின் மேல்தான் விழுவார். சக்கரம் பெரிதாக இருக்க இருக்க, அந்த உடற்பாரம் பம்பின் தண்டை நெம்பும் நீளமும் கூடும். தண்டு சற்று வளைந்தாலும் சீல் கசியத் தொடங்கும். குழிந்த சக்கரத்திலும் இதே ஆபத்து உண்டு: வளையம் பம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நெம்பும். அதனால் கையேட்டில் குழிவுக்கும் எல்லை இருக்கிறதா என்று பாருங்கள்.

பம்பு தவறாக இருந்தால் சக்கரத்தால் ஈடுகட்ட முடியாது என்பதற்கு ஒரு கணக்குக் காட்டுகிறேன். 30 கன சென்ரிமீற்றர் பம்பு, குழாயில் 40 பார் அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். உராய்வை விட்டுவிட்டால் பம்பின் தண்டைச் சுற்ற 19 நியூட்டன் மீற்றர் முறுக்கு வேண்டும். 16 அங்குலச் சக்கரத்தில் அது கைக்கு ஒன்பதரைக் கிலோவாக வரும். சுற்றுகளைக் குறைக்கும் ஆசையில் 40 கன சென்ரிமீற்றர் பம்பைப் போட்டால் அதே அழுத்தத்தில் பாரம் 12.8 கிலோவாகிறது. பழைய இலகுவைத் திரும்பப் பெற 21 அங்குலத்துக்கும் மேற்பட்ட சக்கரம் வேண்டும். பெரும்பாலான சிறிய பம்புகள் அதை அனுமதிப்பதில்லை, அனுமதித்தாலும் சக்கரம் பூட்டிய உங்கள் மேடையில் இடம் இருக்காது.

ஐந்தாம் படி: அட்டையை வெட்டுங்கள்

கடைக்குப் போகும் முன் பெட்டி அட்டையில் 14, 16, 18 அங்குல வட்டங்களை வெட்டுங்கள். நடுவில் துளையிட்டு, சக்கரத்தைக் கழற்றாமலே அதன் முன்னால் ஒட்டு நாடாவால் ஒட்டலாம். பிறகு ஓட்டுபவரையே கூப்பிட்டு நிற்கச் சொல்லுங்கள். உரிமையாளர் நின்று பார்த்துப் பயனில்லை.

பார்க்க வேண்டியவை பல. வேகக் கைப்பிடியை முழுவதும் முன்னே தள்ளும்போதும் பின்னே இழுக்கும்போதும் அட்டையின் விளிம்புக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஒரு மூடிய முட்டி போக வேண்டும். என் முட்டியின் அகலம் மூன்றரை அங்குலம்; அதுவே என் அளவுகோல். சாவித் துளையும் அவசர நிறுத்தக் கயிற்றின் பொத்தானும் அட்டையின் பின்னால் மறைந்துவிடக் கூடாது. ஆழமானியின் திரை தெரிய வேண்டும். உட்கார்ந்து ஓட்டும் இருக்கை என்றால் தொடைக்கும் வளையத்தின் அடிக்கும் நடுவே ஒரு உள்ளங்கை தாராளமாக நுழைய வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு அலைக்கும் வளையம் தொடையில் இடிக்கும்.

நின்று ஓட்டுபவருக்கு வளையத்தின் மேல் விளிம்பு மார்புக்குக் கீழே இருப்பது நல்லது. முழங்கையை மடக்கி நின்றால் கைகள் தாமாகவே வளையத்தின் பத்து மணி, இரண்டு மணி இடங்களில் விழ வேண்டும். அட்டை வைத்துப் பார்த்தபோது 18 அங்குலம் என்று பிடிவாதமாக நின்ற ஒருவர் 16-க்கு இறங்கி வந்ததையும், 14 போதும் என்றவர் 16-க்கு ஏறியதையும் பார்த்திருக்கிறேன்.

ஆறாம் படி: வடிவம்

கார் சக்கரம் ஏன் கூடாது என்பதற்கு விட்டத்தைத் தவிர இன்னொரு காரணம் இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. ஹைட்ரோலிக் ஸ்டியரிங்கில் சக்கரத்துக்கு நிலையான நடு கிடையாது. பம்புக்குள் மிகச் சிறிய அளவு ஒயில் கசிவது இயல்பு. அதனால் காலையில் படகு நேராகப் போகும்போது உச்சியில் இருந்த ஆரம், மாலையில் பக்கவாட்டில் இருக்கும். இது பழுதல்ல. ஆனால் அடிப்பாகம் தட்டையான சக்கரமோ, மேலே பெரிய இலச்சினையும் கீழே இரண்டு ஆரமும் உள்ள சக்கரமோ போட்டால், தட்டைப் பகுதி ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் வரும். இருட்டில் கை தேடும். முழு வட்டமாகவும், எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே தோற்றம் தருவதாகவும் உள்ள சக்கரத்தை வாங்குங்கள். ஐந்து ஆரமோ, சம இடைவெளியில் மூன்று ஆரமோ எதுவும் சரி.

வளையத்தின் தடிப்பையும் கையால் பிடித்துப் பாருங்கள். விரல்கள் சுற்றிவந்து கட்டைவிரலைத் தொட வேண்டும். மெல்லிய துருவேறா உருக்கு வளையம் பார்க்க அழகு. ஈரக் கையில் வழுக்கும், நண்பகல் வெயிலில் சுடும். மென்மையான பூச்சு ஏற்றிய வளையத்தையே பரிந்துரைக்கிறேன். உலோகம் 316 தர உருக்காக இருந்தால் நம் உப்புக் காற்றுக்கு நல்லது. 304 தரத்தில் ஒரு பருவத்துக்குள் பழுப்புப் புள்ளிகள் வரத் தொடங்கிவிடும்.

வளையத்தில் பொருத்தும் சிறு குமிழ், ஒரு கையால் வேகமாகச் சுற்ற உதவும். துறைமுகத்துக்குள் ஒரு கை வேகக் கைப்பிடியிலும் மறு கை சக்கரத்திலும் இருக்கும்போது அது பெரிய உதவி. சுற்று எண்ணிக்கை அதிகமான படகுகளுக்குக் கட்டாயம் போடச் சொல்வேன். கடலில் வேகமாக ஓடும்போது சட்டைக் கை அதில் மாட்டும் என்பதால், மடக்கி வைக்கக்கூடிய குமிழாகப் பாருங்கள்.

படகின் வகையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஏரியில் ஓடும் சிறிய உல்லாசப் படகுக்கு பதின்மூன்றரை முதல் 15 அங்குலம் போதும். கடலுக்குப் போகும் 20 முதல் 25 அடி அவுட்போட் படகுக்கு 15 முதல் 16. இடமும் பம்பும் அனுமதித்தால் 18. சுக்கான் வைத்து மெதுவாக ஓடும் டீசல் படகில் திருப்பத்துக்கு அவசரம் இல்லை, பாரமோ அதிகம். அங்கே 20 அங்குலமும் அதற்கு மேலும் வழக்கம். சந்தேகத்தில் இருந்தால் கையேட்டின் எல்லைக்குள்ளும் அட்டைக்குள்ளும் அடங்கும் பெரிய அளவை எடுங்கள்.

ஏழாம் படி: துளையும் பொருத்தலும்

கடைக்குப் போகும்போது பழைய சக்கரத்தையும் கொண்டுபோங்கள். கொழும்பு பழைய சோனகத் தெருவில் கப்பல், படகுச் சாமான் விற்கும் கடைகளில் ஏறி இறங்கும்போது வாய்ச்சொல்லைவிடப் பழைய பொருள் வேகமாகப் பேசும். படகுப் பம்புகளில் பரவலாக உள்ளது முக்கால் அங்குலத் தண்டு, நுனி நோக்கிக் கூம்பி, சக்கரம் தண்டில் வழுக்காமல் பிடிக்க ஓர் அரைநிலா வடிவச் சாவி வைத்தது. சக்கரத்தின் துளையும் அதே கூம்பாக இருக்க வேண்டும். முக்கால் அங்குலம் 19 மில்லிமீற்றர்தானே என்று நேர்த்துளைச் சக்கரத்தை மாட்டினால், அது கூம்பின் ஒரு விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். முதலில் ஆடும், பிறகு சாவியை வெட்டும். கார் சக்கரத்துக்கு லேத் பட்டறையில் ஓர் இணைப்பைக் கடைந்து பொருத்தித் தருவோம் என்பார்கள். கடலில் உயிர் தொங்கும் இடத்தில் அந்தச் சேமிப்பை நான் ஏற்பதில்லை.

பழைய சக்கரத்தைக் கழற்ற, நட்டைத் தளர்த்திவிட்டு, முழுவதும் எடுத்துவிடாமல் இரண்டு மூன்று புரி தண்டில் மிச்சம் விடுங்கள். புல்லர் என்ற இழுக்கும் கருவியை வைத்து இழுங்கள். தண்டின் தலையில் சுத்தியலால் அடிக்காதீர்கள்; அடி நேரே பம்பின் உள்ளே போகும். கூம்பைத் துணியால் துடைத்து, கடலுக்கு உரிய கிரீஸை மெல்லிய படலமாகப் பூசி, சாவியைச் சரியாக உட்காரவைத்துச் சக்கரத்தை ஏற்றுங்கள். நட்டை முறுக்கு மானியால், கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். உள்ளே நைலோன் வளையம் உள்ள நட்டு என்றால் பழையதைத் திரும்பப் போட வேண்டாம்.

தொடக்கத்தில் சொன்ன மட்டக்குளிப் படகுக்கு 16 அங்குலச் சக்கரம் போட்டோம். முதல் நாள் ஓட்டிவிட்டு வந்த தம்பி, "அண்ணன், வளைவில் கை கொஞ்சம் தூரம் போகிறது, பழகிக்கொள்கிறேன்" என்றார். தராசை மறுபடி மாட்டினோம். இடப் பக்கம் ஒன்பது, வலப் பக்கம் எட்டரை. அந்த இரண்டு எண்களையும் திகதியோடு மேடையின் உள் கதவில் அழியா மையால் எழுதிவைத்தோம், அடுத்த பருவத்தில் பாரம் ஏறினால் அச்சுக்குக் கிரீஸ் வேண்டுமா, ஒயில் குறைந்ததா என்று பார்க்க. பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு மூடியைத் திறந்து நட்டை ஒருமுறை சோதித்தோம். அசையவில்லை.